யாரையெல்லாம் பார்த்தீங்க?

“அவன் இந்த வாசப்படி மிதிச்சே வருஷக்கணக்காச்சுங்க” என்றார் நோயாளியின் அண்ணன், கதவைப் பாதி மூடியபடி.

சுகாதார ஆய்வாளர் அசையவில்லை. அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். எதையும் சலிக்காமல் விடமாட்டாள்.

“உங்க தம்பிக்கு வந்திருக்கிறது பறவைக் காய்ச்சல். பண்ணையில கூண்டு கழுவுறப்போ தொத்தியிருக்கு. அவர்கிட்டயிருந்து வேற யாருக்காவது போயிருக்கான்னு பார்க்கத்தான் தெருத்தெருவா அலையறேன். போன லீவுல மத்தியானம் இங்கதான் சாப்பிட்டேன்னு அவரே சொல்றார்.”

“இங்கயா?”

“அண்ணி பக்கத்துல நின்னு பரிமாறினாங்களாம். போதும் போதும்னாலும் விடலையாம்.”

உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த அண்ணி, “நானா?” என்றாள். பிறகு முகம் ஒரு மாதிரியாகி, சமையலறைக்குள் போய்விட்டாள்.

சல்லடைக்குச் சிரிப்பு வந்தது. தனியாகப் பிடித்து அடைத்துவிடுவார்கள் என்று பயம் வந்தால், கூடப் பிறந்தவனைக்கூடத் தெரியாது என்பார்கள். இரண்டு பேர் மூக்கிலும் பஞ்சுக்குச்சியை விட்டு மாதிரி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பண்ணையில் நோயாளியோடு வேலை செய்கிறவர்களுக்குப் பரிசோதனை முடிந்து, ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. லீவு நாளில் வெளியே யாரையெல்லாம் பார்த்தார் என்பதுதான் பாக்கி. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, மூச்சு வாங்கினாலும் மனுஷன் ஆசை ஆசையாகச் சொன்னார்.

அடுத்தது அவருடைய சிநேகிதர், தையல்காரர்.

“சேர்ந்து டீ குடிச்சு எவ்வளவோ நாளாச்சுங்க. ரோட்ல பார்த்தா கையாட்டுவேன்.”

“தோள்ல கைபோட்டுப் பேசிட்டிருந்தீங்களாம்?”

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். “அப்படியா சொன்னான்?”

அவர் மூக்கிலும் குச்சி போனது.

“எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி ஒரே பொய்யைச் சொல்றாங்க சார்” என்று மேலதிகாரியிடம் போனில் புலம்பினாள்.

கடைசியாக மகள் வீடு. தொட்டிலில் கைக்குழந்தை.

“அப்பா இங்க வரவே இல்லைங்க.”

சல்லடைக்குப் பொறுமை போய்விட்டது.

“நீங்களுமா? மத்தவங்க பெரியவங்க, எப்படியோ தாங்கிடுவாங்க. இது பச்சைக் குழந்தை. பேரனை மடியில போட்டுக் கொஞ்சினேன், கன்னத்துல முத்தம் கொடுத்தேன்னு உங்க அப்பா சொல்றார். நீங்க மறைச்சா யாருக்கும்மா நஷ்டம்?”

மகள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“பேரன்னா சொன்னார்?”

“ஆமாம்.”

“இது பொண்ணுங்க.”

சல்லடை குனிந்து தொட்டிலுக்குள் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு அப்பா பார்க்கிற வேலை பிடிக்காது. வர வேண்டாம்னு நான்தான் சொன்னேன். குழந்தை பிறந்ததை யார் மூலமாவது கேள்விப்பட்டிருப்பார்.”

மாதிரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தவள், பண்ணை மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

“லீவு நாள்ல அவர் எங்கதான் போவார்?”

“எங்க போறது? நல்ல சட்டையா எடுத்துப் போட்டுட்டுக் கிளம்புவார். பண்ணைக்குப் பின்னாடி வாய்க்கால் மதகுல தனியா உட்கார்ந்திருந்துட்டு, பொழுது சாயறப்போ திரும்பிடுவார். ஊருக்குப் போயிட்டு வந்தேன்னு சொல்லுவார். நாங்களும் சரின்னு கேட்டுக்குவோம்.”

மறுநாள் முடிவு வந்தது. யாருக்கும் எதுவும் இல்லை.

மேலதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. “வெளியில ஒருத்தர்கூடவும் பழக்கமே இல்லையா? கொடுத்துவச்ச மனுஷன்மா. எல்லாரும் இப்படி இருந்துட்டா நமக்கு வேலையே இருக்காது.”

அவள் போனை வைத்துவிட்டு, முகக்கவசமும் அங்கியும் மாட்டிக்கொண்டு வார்டுக்குள் போனாள். ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்பதற்குத்தான் போனாள்.

“எல்லாரையும் பார்த்தீங்களாம்மா?” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

“பார்த்தேன்.”

“அண்ணன்?”

“காய்ச்சல் எதுவும் இல்ல.”

“பேரன்?”

“குழந்தை நல்லா இருக்கு.”

அதற்கு மேல் கேட்கத் தைரியமில்லாமல், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“எல்லாரும் உங்களைத்தான் விசாரிச்சாங்க” என்றாள்.