போதுமான வெளிச்சம்

"கல்யாணமான வருஷம் வாங்கின வண்டி. இருபத்திரண்டு வருஷமா இந்த மஞ்சள் ஹெட்லைட் பல்போட மல்லுக்கட்டறேன். முறுக்கினாத்தான் எரியுது. எல்இடி போட்டுடுப்பா" என்றார் அவர்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா சார்?" என்றார் மெக்கானிக்.

"அவ வேணாங்கறா. இருக்கற வெளிச்சமே போதுமாம். நான் எப்ப வந்தா அவளுக்கென்ன? ஒரு நாளாவது வாசலுக்கு வந்திருக்காளா? டீவியிலேர்ந்து கண்ணை எடுக்காம, 'அதுக்குள்ள வந்தாச்சா?'ம்பா."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே பல்பை மாற்றினார்.

அன்று மாலை இருட்டியதும் அவர் வண்டியில் தன் தெருமுனையில் திரும்பினார். வெள்ளை வெளிச்சம் நேராக அவர் வீட்டு வாசலில் போய் விழுந்தது.

கேட் கம்பியைப் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி, கண் கூசித் திடுக்கிட்டு உள்ளே ஓடினாள்.

அவர் நுழைந்தபோது டீவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"அதுக்குள்ள வந்தாச்சா?"

டீவியைப் போட மறந்திருந்தாள்.

மறுநாள் காலை அவர் மறுபடி மெக்கானிக் முன்னால் நின்றார். "பழைய பல்பையே மாட்டிடுப்பா."

"ஏன் சார், வெளிச்சம் பத்தலையா?"

"தேவைக்கு மேலயே இருக்கு. இத்தனை வருஷமா நிக்கறவ, பழையபடி நிம்மதியா நிக்கட்டும்."