குமட்டல்

மீன்கடைக்காரர் அந்தச் சின்ன பிளாஸ்டிக் குப்பியை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார். முகம் கோணிப்போனது. அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது.

“சீ! இதை யாருடி வீட்டுக்குள்ள கொண்டாந்தது?”

“நான்தான்,” என்றாள் மனைவி. “சுகாதார நிலையத்துல ஐம்பது தாண்டின எல்லாருக்கும் குடுக்கறாங்க. துளியூண்டு மலத்தைக் குச்சியால எடுத்து உள்ள போட்டு மூடிக் குடுத்தாப் போதும். குடல்ல ஏதாச்சும் கோளாறு ஆரம்பிச்சிருந்தா காட்டிக் குடுத்துடுமாம்.”

“வாயைக் கழுவு. சாப்பிடற மேஜையில வெச்சுப் பேசற பேச்சா இது?”

விடிந்ததிலிருந்து மதியம்வரை மீன் வயிற்றைக் கிழித்து, குடலை வெறுங்கையால் உருவிப் போடுகிற மனிதர் அவர். நகக்கண்ணில் ரத்தம் காய்ந்திருக்க, அதே கையால் டீ கிளாஸைப் பிடிப்பார். கடைவாசல் வாளியில் கழிவு அழுகி ஈ மொய்த்தாலும் மூக்கைச் சுளித்ததில்லை.

“மீன் குடல்ல கையை விடறீங்க. உங்களோடது மட்டும் ஆகாதாக்கும்!”

“மீன் எனக்குச் சோறு போடுது. இது என்னத்தைப் போடும்? அங்க ஒரு பொண்ணு இதைத் திறந்து பார்க்கும். மறுநாள் அதே பொண்ணு என்கிட்ட மீன் வாங்க வரும். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் எடை போடறது? அதோட விடுவானுங்களா? ஏதாச்சும் தெரிஞ்சா பின்னாடி வழியா குழாயை விட்டுப் பார்ப்பானுங்க. மானம் கப்பலேறின பிறகு குடல் இருந்தா என்ன, போனா என்ன?”

குப்பி குப்பைத்தொட்டிக்குள் போய் விழுந்தது. அவர் குழாயடியில் நின்று சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கை கழுவினார்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அவள் அதிகம் எங்கும் வருவதில்லை. அன்று மனைவிதான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள்.

“நீங்களே நியாயம் சொல்லுங்க அண்ணி,” என்று ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார் மீன்கடைக்காரர். “எங்க வம்சத்துக்கு எமன் நெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கான். அண்ணனை அதுதானே கொண்டுபோச்சு? அதான் வருஷம் தவறாம நெஞ்சுக்கு இருக்கிற டெஸ்ட் எல்லாம் எடுக்கறேன். உப்பைக் குறைச்சாச்சு, எண்ணெயை விட்டாச்சு. இந்தக் கண்றாவி எனக்கு எதுக்கு?”

அண்ணியின் முகம் சுண்டிப்போயிருந்தது.

அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்பு கலையாது. தம்பியின் கடைப்பக்கம் வந்தால் சென்ட் தெளித்த கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்காது.

படுக்கையில் விழுந்த பிறகு அவர் தம்பியை அறைக்குள்ளேயே விடவில்லை. “பேசினா மூச்சு வாங்குது, அப்புறமா வாங்க தம்பி,” என்று அண்ணி வாசலிலேயே மறித்துவிடுவாள். உள்ளேயிருந்து பினாயில் நெடி ஆளைத் தூக்கும். பின்பக்கக் கொடியில் எப்போது பார்த்தாலும் துவைத்த படுக்கை விரிப்புகள் சொட்டிக்கொண்டிருக்கும். மீன்கடைக்காரர் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார். அப்போதும் அந்தக் கதவு திறக்கவில்லை.

அந்த ரணம் இன்னும் ஆறவில்லை.

“சாகக் கிடக்கறப்பக்கூட என் மீன் நாத்தம் அவருக்குக் குமட்டிச்சு, இல்ல அண்ணி? கூடப்பிறந்தவன்... கையைப் பிடிச்சுக்கக்கூட விடலையே!”

அண்ணி விருட்டென்று எழுந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய்க் குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டாள். முட்டை ஓட்டையும் சொதசொதத்த தேயிலைத் தூளையும் விலக்கி, குப்பியை எடுத்துத் தன் முந்தானையாலேயே துடைத்தாள்.

“ஐயோ, அண்ணி! சீச்சீ, என்ன பண்றீங்க?”

“இதைவிட அசிங்கத்தை எல்லாம் இந்தக் கை அள்ளியிருக்கு தம்பி.” அவள் முகத்தில் அப்படியோர் அருவருப்பு. அது குப்பியின்மேல் இல்லை. “இந்தச் ‘சீ’யைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் குமட்டுது. யாருக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு உங்க அண்ணன் என்கிட்ட சத்தியம் வாங்கினார். இத்தனை நாள் காப்பாத்தினேன். இனிமே முடியாது.”

“என்ன சத்தியம்?”

“அவர் உங்களை உள்ள விடாதது மீன் நாத்தத்துக்காக இல்ல. அந்த ரூமுல அடிச்ச நாத்தம் உங்களுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான்.”

மனைவி கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். மீன்கடைக்காரர் திருதிருவென்று விழித்தார்.

“நெஞ்சு நோவுக்காரர் ரூமுல என்ன அண்ணி நாத்தம்?”

அண்ணி குப்பியை அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

“அவருக்கு நெஞ்சு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. குடல்லதான் புத்துநோய்.”