கழற்றிய படம்

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும், ஆர்விட் தோர்சன் முதல் வேலையாக மகன் நீல்ஸின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். கயிறு ஆணியைவிட்டு வர மறுத்தது, விரல்கள் வழுக்கின. ஆணியைத் திட்டினார்.

நீல்ஸ் சாகவில்லை. அதுதான் அவமானம். புதைத்துவிட்டு வந்தது அவனோடு ஜோடியாக வேலை செய்த ரஸ்ஸை.

மலைக்காட்டில் சின்னத் தீ என்று, பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் வீரர்களில் இவர்கள் இருவரை மட்டும் விமானத்தில் அனுப்பியிருந்தார்கள். ரஸ் குதித்தான். அடுத்த நொடி குதிக்க வேண்டிய நீல்ஸ் கதவருகே நின்றுவிட்டான். கீழே கால் முறிந்து கிடந்த ரஸ்ஸைத் தூக்க ஆளில்லை. காற்று திரும்பி, தீ அவன்மேல் ஏறிப்போயிற்று.

"பயந்துட்டேன்" என்று, திரும்பி வந்ததும் விமானத் தளத்தில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான் நீல்ஸ்.

இப்போது வாசலில் பெட்டியோடு நின்றான்.

"அப்பா, கிளம்புறேன்."

"மூணு தலைமுறையா கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பின தோர்சன் கிடையாதுடா. ரஸ்ஸோட அம்மா என்னைப் பார்த்தா பாரு, ஒரு பார்வை! இனிமே இந்த ஊர்ல எந்த மூஞ்சியோட நடப்பேன்?"

படத்தைப் பிடித்திருந்த அவர் கைகளையே நீல்ஸ் பார்த்தான்.

"அந்தப் பாராசூட் மடிக்கிற வேலை இனி வேணாம்பா. வீட்ல இருங்க."

"நீ எனக்குப் புத்தி சொல்றியா? போடா!"

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் தளத்துக்குப் போனார். குதிக்கும் வயது போன பிறகு, பாராசூட் மடிக்கும் கூடம்தான் அவருக்கு. மடித்தவர் தன் பெயரைப் பையில் எழுதுவது அங்கே வழக்கம். 'தோர்சன்' என்றிருந்தால் பையன்கள் கேள்வி கேட்காமல் எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

கூடத்தில் உடன் வேலை செய்யும் லியோனா மட்டும் இருந்தாள். மேசையில் ஒரு மார்புப் பை, முதுகிலுள்ள பெரிய குடை விரியாவிட்டால் உதவும் சின்னப் பாராசூட் உள்ளது, மூடி திறந்து கிடந்தது.

ஆர்விட் குனிந்து பார்த்தார். முகம் சிவந்தது. பூட்டுக் கம்பி வளையத்துக்குள் நுழையவே இல்லை. பக்கத்தில் சும்மா செருகியிருந்தது.

"இதைக் கட்டிக்கிட்டுக் குதிச்சா காத்து பட்டதுமே பிரிஞ்சு, பெரிய குடையோட பின்னிக்குமே! கல்லு மாதிரி விழுவான்! இதை மடிச்ச கையை ஒடிக்கணும். உன் வேலையா?"

"கத்தாதீங்க பெரியவரே. இது அன்னைக்கு நீல்ஸ் போட்டிருந்தது."

ஆர்விட் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"விமான வாசல்ல கால் வைக்கறதுக்கு முன்னாடி மார்புப் பையைத் திறந்து பாருன்னு அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே. ரஸ் குதிச்ச கையோட திறந்து பார்த்திருக்கான். யாருக்கும் தெரியாம சரி பண்ணிடுன்னு எங்கிட்டக் குடுத்துட்டுப் போனான்."

"முட்டாப் பய! பையில கோளாறுன்னு அங்கேயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? பயந்துட்டேன்னு ஏன் சொன்னான்? எந்தப் படுபாவியைக் காப்பாத்த?"

லியோனா பையின் மூடியை மெல்ல அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

"பின்ன, உங்க பேரையா சொல்லுவான்?"