கேப்டன் இருக்கணுமா?

"கேப்டனை இந்த சீசனோட அனுப்பிடலாம் கோச்," என்றார் கால்பந்து கிளப் செயலாளர்.

பயிற்சியாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று அதுவரை இருவரும் ஒத்துப்போய்க்கொண்டிருந்தார்கள்.

"நம்ம கிளப்பைத் தூக்கி நிறுத்தினதே கேப்டன்தானே சார்?"

"யாரு இல்லேன்னா? ஆனா இப்போ பாதி ஆட்டத்துலயே மூச்சு வாங்குது. பந்து உடம்பு மேல வந்தா ஒதுங்குறாங்க. பயம் வந்துட்டா ஆட்டம் போச்சு."

பயிற்சியாளரும் அதைக் கொஞ்ச நாளாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு கேப்டனைக் கூப்பிட்டனுப்பினார்.

உள்ளே வந்த கேப்டன் உட்காரவில்லை.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன் சார். சொன்னா இடம் போயிடுமோன்னு தள்ளிப்போட்டுட்டேன். எனக்கு இது மூணாவது மாசம்."

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம்மா. ஆனா, ஒரு வருஷம் ஆடாத ஆளை எப்படி..."

"கோல்கீப்பர் முட்டியை உடைச்சுக்கிட்டு வருஷம் பூரா உட்கார்ந்திருந்தப்போ வச்சிருந்தோமே சார்?" என்றார் பயிற்சியாளர். "கால் உடைஞ்சாதான் இடம், குழந்தை பிறந்தா கிடையாதா?"

செயலாளர் மெல்லச் சிரித்து, "சரி, இருக்கட்டும்," என்றார்.

பயிற்சியாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா. உன் இடம் உனக்குத்தான். வயித்துக்குள்ள இருக்கற ஆளுக்குத்தான் இப்போதைக்கு டீம்ல இடமில்ல. வளர்ந்து வரட்டும், ஆடச் சொல்லிப் பார்ப்போம்!"