இளையவன் ஏன் வரவில்லை?

“அந்த இளையவன் சரியான அயோக்கியன்” என்றேன்.

வாசகர் வட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மருந்துக் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“லேத்காரரே, அவன் என்னவோ உங்க தங்கச்சியைக் கட்டிக்கிட்டு ஏமாத்தின மாதிரியே பேசறீங்க. அவன் காவியத்துல வர்ற ஆளுங்க.”

“காவியத்துல வந்தா அயோக்கியன் யோக்கியன் ஆயிடுவானா?”

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பதில் சொல்லத் திணறும்போது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் செய்வான்.

அவன் என் தம்பி. அந்த அறையில் வேறு யாருக்கும் அது தெரியாது.

அவனைப் படிக்க வைப்பதற்காகத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டு லேத் பட்டறைக்குப் போனேன். எனக்கென்று ஒரு கல்யாணம் கூடச் செய்துகொள்ளவில்லை. அவன் படித்தான், பெரிய ஆளானான், பெண்டாட்டியோடு பக்கத்து ஊருக்குக் குடிபோனான். அம்மா படுக்கையில் விழுந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் பிணத்தைப் பார்க்க வந்து, மூன்றாம் மனுஷன் மாதிரி வாசலோரமாக நின்றான். அன்றோடு எங்கள் பேச்சு முடிந்தது.

வயதான பிறகு அவன் எங்கள் ஊர் நூலகத்தில் பழைய காவியம் ஒன்றுக்கு வகுப்பு எடுக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். அவன் குரலைக் கேட்டதும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒரு வாரமும் தவறவில்லை.

வட்டத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக் கதை பேசக் கூடாது. பாத்திரங்களைப் பற்றித்தான் பேச வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அது வசதியாகப் போயிற்று.

காவியத்தில் இரண்டு இளவரசர்கள். மூத்தவன் கோட்டையையும் தாயையும் காத்துக்கொண்டு கிடக்கிறான். இளையவன் கடல் கடந்து போய்ப் பேர் வாங்குகிறான். நான் இளையவனைத் திட்டுவேன். தம்பி இளையவனுக்காக வாதாடுவான். வாரம் முழுக்க அந்தச் சாயங்காலத்துக்காகக் காத்துக் கிடப்பேன். திட்டுவதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இன்று கடைசி வகுப்பு. காவியம் முடிந்துவிட்டது. பேராசிரியர் மகளோடு இருக்க வெளிநாடு கிளம்புகிறார், இனி வரமாட்டார் என்று நூலகர் முதலிலேயே அறிவித்துவிட்டார்.

“மூத்தவரையும் கொஞ்சம் பார்க்கணும் இல்லையா?” என்றான் தம்பி. “அவ்வளவு தியாகம் பண்ணினவர் பக்கத்துல மத்தவன் நிமிர்ந்து நிற்க முடியாது.”

“நிமிர வேண்டாம். குனிஞ்சாவது நிற்கலாமே. ஓடியா போவாங்க?”

“ஆஹா” என்றார் மருந்துக் கடைக்காரர். “இன்னைக்கு டீயே வேண்டாம், சூடு போதும்.”

“அவன் ஓடிப்போகலை” என்றான் தம்பி. “கூச்சப்பட்டான். வாங்கிக்கிட்டவனுக்குத்தான் அது தெரியும்.”

“அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்போகூடவா கூச்சம்?” என்றேன். “நான் பட்டறைக்குப் போயிட்டா, தண்ணி குடிக்கத் தலையைத் தூக்கிவிட ஆள் இல்லையே அவளுக்கு. அப்போ ஏன் வரலை அவன்?”

வட்டத்துக்கு வரும் நர்ஸம்மா ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“ஐயா, இதுல அரசி படுக்கவே இல்லையே. கடைசி வரைக்கும் நல்லாத்தானே இருக்காங்க. பட்டறைங்கறீங்க, அது எங்கே வருது?”

எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

“இருக்கட்டும்மா” என்றான் தம்பி. “அவர் கேட்டதுக்கு நான் பதில் சொல்லணும்.”

அத்தனை வாரங்களில் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தான்.

“வந்தான். தினமும் வந்தான். அண்ணன் வேலைக்குப் போன பிறகு வருவான். அவனுக்குச் சாயங்காலம்தான் காலேஜ். சாப்பாடு ஊட்டுவான், துணி மாத்துவான், தலை வாரிப் பின்னி விடுவான். அண்ணன் திரும்பறதுக்குள்ளே கிளம்பிடுவான்.”

“காவியத்துல ஏதுங்க காலேஜ்?” என்றார் மருந்துக் கடைக்காரர்.

நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அம்மாவின் தலை பின்னித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி பின்னி விட்டதாக அம்மா சொல்வாள். தெருவில் பார்க்கும்போது அந்தப் பெண்ணுக்கு நான் கும்பிடுகூடப் போட்டிருக்கிறேன்.

“அப்போ ஏன் சொல்லலை?” என்றேன். “இத்தனை வருஷமா அண்ணன்காரன் மனசுக்குள்ளேயே ஏசிக்கிட்டுத் திரிஞ்சானே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

தம்பி புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தான்.

“சொல்லணும்னுதான் இருந்தேன். அம்மாதான் கையைப் பிடிச்சுக்கிட்டா. ‘உனக்குப் படிப்பு இருக்கு, வேலை இருக்கு, குடும்பம் இருக்கு. அம்மாவைப் பார்த்துக்கிட்டது நான் ஒருத்தன்தான்கிற பெருமை, உங்க அண்ணனுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்டா. அதையும் நீ எடுத்துக்காதே’ன்னுட்டா.”