கால் அளவு

"இந்தா, அந்தக் குழந்தை அந்தப் பொம்பளையோடது இல்ல."

கல்லாவில் இருந்த மனைவி நிமிரவில்லை. "போன மாசமும் ஒருத்தரைக் காட்டி இதையேதான் சொன்னீங்க. அவர் இந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். கூட வந்தது அவர் பேத்தி."

"அவர் மூஞ்சி அப்படி. இது வேற. நீயே பாரு."

காலணிக் கடையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாற்காலி தள்ளி ஒரு சிறுமி. ஐந்து வயது இருக்கலாம். சின்னக் குழந்தைகளை அம்மா மடியில் உட்காரவைத்துத்தான் கடைக்காரர் கால் அளவெடுப்பார். குழந்தையும் ஆடாது, அழாது. இவளை அந்தப் பெண்ணின் மடியில் ஏற்றியதும் நழுவி இறங்கிப் போய்த் தனி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"மடியில உக்காரலைன்னா திருட்டுக் குழந்தையா? நம்ம பையன் என் பக்கத்துல உக்காந்தே பத்து வருஷம் ஆச்சு."

"முழுசாக் கேளு. என்ன அளவுன்னு கேட்டேன். தெரியாதுங்குறாங்க. பையில இருந்து ஒரு ஜோடி எடுத்தாங்க. புத்தம் புதுசு. பாதிக் கால்கூட நுழையல. குத்துமதிப்பா வாங்கினாங்களாம். பெத்த பிள்ளைக்கு யாராவது குத்துமதிப்பா வாங்குவாங்களா?"

மனைவி பேனாவை மூடினாள்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை. அது திரும்பவே இல்ல."

போன வாரம்தான் காவல் நிலையத்திலிருந்து வந்து கடை கடையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். குழந்தையோடு வருகிறவர் மேல் சந்தேகம் வந்தால் பேச்சுக் கொடுங்கள், நிறுத்தி வையுங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். தப்பாகப் போனாலும் பரவாயில்லை.

கடைக்காரி சிவப்புக் காலணி ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

"பாப்பா எந்த ஸ்கூல்?"

"இனிமேதான் சேர்க்கணும்" என்றாள் அந்தப் பெண்.

"நான் ஸ்கூலுக்குப் போறேனே" என்றது குழந்தை, தரையைப் பார்த்தபடி.

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. குழந்தையின் தலையை நோக்கிப் போன கை பாதியில் திரும்பிவிட்டது.

"பாப்பாவுக்குப் பிறந்த நாள் எப்போங்க? இந்த மாசம்னா தள்ளுபடி உண்டு." அப்படி ஒரு தள்ளுபடி அந்தக் கடையில் இருந்ததே இல்லை.

அந்தப் பெண் தேதியைச் சொன்னாள். கிழமையைச் சொன்னாள். "விடியக்காலையில பிறந்தா. வெளிய சரியான மழை. பிறந்ததும் அழவே இல்ல. முதுகுல தட்டினப்புறம்தான் அழுதா."

கடைக்காரி சிரித்து வைத்துவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினாள்.

"எல்லாம் கரெக்டாச் சொல்றாங்களே" என்றார் கணவர்.

"அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. பிறந்தப்ப மழை பெஞ்சது தெரியுது. ஸ்கூல் போறது தெரியல. யாரோ சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கா. உள்ள போய் போலீசுக்குப் போன் போடுங்க. மெதுவாப் பேசுங்க. உங்க குரல் நாலு கடை தாண்டிக் கேக்கும்."

அவர் பெட்டிகள் அடுக்கிய உள்ளறைக்குப் போனார்.

குழந்தை அழ ஆரம்பித்தது. "அம்மாகிட்ட போகணும்."

"அம்மா இங்கதாண்டா இருக்கேன்."

"நீங்க இல்ல!"

அந்தப் பெண் எழுந்து குழந்தையின் கையைப் பிடித்தாள். "நாங்க இன்னொரு நாள் வர்றோம்."

கடைக்காரி முந்திக்கொண்டாள். கண்ணாடிக் கதவைப் பூட்டிச் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "போலீஸ் வருது. அதுவரைக்கும் யாரும் வெளிய போக முடியாது."

"எங்க வீட்டுக்காரர் வெளிய கார்ல காத்துட்டிருக்கார்..."

"ஓ, கூட்டமாத்தான் கிளம்பி வந்திருக்கீங்களா?"

உள்ளறையிலிருந்து வந்த கடைக்காரர் குழந்தையைத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார். அது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் அந்தப் பிடியையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். கத்தவில்லை. சண்டைக்கு வரவில்லை. கடைக்காரிக்கு அதுவும் பிடிக்கவில்லை. தன் குழந்தையை ஒருவன் மறைத்து வைத்தால் எந்தத் தாய் இப்படி உட்கார்ந்திருப்பாள்?

சிறிது நேரத்தில் கண்ணாடியில் தட்டும் சத்தம். பெண் காவலர் ஒருவர். கடைக்காரி கதவைத் திறந்துவிட்டு மறுபடி பூட்டினாள்.

"இவங்கதான் மேடம். குழந்தை எங்க படிக்குதுன்னு தெரியல, கால் அளவு தெரியல, கூப்பிட்டாத் திரும்பல, அம்மாகிட்ட போகணும்னு அழுது. நீங்களே விசாரிங்க."

காவலர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"என்னம்மா இது, காலையிலதானே ஸ்டேஷன்ல பாப்பாவை உங்க கையில கொடுத்து அனுப்பி வச்சேன்?"

கடைக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

அந்தப் பெண் எழுந்து வந்து, சாவி இருந்த அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு மாசக் குழந்தையா இவளை ஒருத்தி தூக்கிட்டுப் போனப்ப, வழியில ஒரு கடையிலகூட இப்படிக் கதவைப் பூட்டலையேக்கா."