சுவரோரத்து மோட்டர்

டும்! டும்! டும்!

சுவர் அதிர்ந்தது. ஜெயராஜ் டீயை மேசையில் வைத்தார்.

"ஏ ஜெயராஜு! அந்த மிஷினை நிறுத்தப் போறியா இல்லையா?"

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் புஷ்பவல்லியின் குரல்.

"நிறுத்தினா மீனுக்கு மூச்சு முட்டும்க்கா!"

"எனக்கு முட்டுதே, அது தெரியலையா? தலைமாட்டுல லோரி ஓடுற மாதிரி டுர்ர்ருனு! இந்த மாசத்தோட சரி. அப்புறம் பிளாட் கமிட்டிக்கு எழுதிப் போட்டு, உன் தொட்டியைத் தூக்க வைக்கிறேனா இல்லையான்னு பாரு!"

சொன்னால் செய்கிற மனுஷி.

மனைவி போய்ச் சேர்ந்து, மகனும் ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிறகு, அந்தக் கிள்ளான் பிளாட்டில் ஜெயராஜோடு இருந்த உயிர்கள், உப்புத் தண்ணீர்த் தொட்டியின் இரண்டு கோமாளி மீன்கள்தான்.

சத்தம் போடும் மோட்டர் தேவைப்படாதபடி தொட்டியையே மாற்றிக் கட்டுவது என்று முடிவு செய்தார்.

மீன்களை உப்புத் தண்ணீர் நிரப்பிய ஒரு வாளிக்கு மாற்றி, பழைய மோட்டரின் காற்றுக் குழாயை அதில் விட்டார். கலர் கல், பிளாஸ்டிக் கோட்டை, அடியில் கிடந்த சல்லடைத் தட்டு எல்லாம் வெளியே போயின. கோலாலம்பூர் கடையிலிருந்து, தண்ணீரைத் தாமே சுத்தம் செய்யும் கடல் பாறைகளை ஈரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து அடுக்கினார். தண்ணீருக்குள்ளேயே மூழ்கி, சத்தமில்லாமல் ஓடும் புது மோட்டரும் வாங்கினார்.

"பாறைங்க தண்ணிக்குப் பழகணும்க்கா. மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்குங்க" என்றார் மாடிப்படியில்.

"பாறைக்கு என்னா பழக்கம்? ஸ்கூலுக்கா அனுப்பப் போற?"

தண்ணீர் தெளிந்தது. பாறையில் ஒட்டி வைத்த பவளங்கள் பூப்போல விரிந்தன. மீன்களைத் தொட்டியில் விட்டுவிட்டு, பழைய மோட்டரை நிறுத்தினார்.

வீடு அமைதியானது.

சுவரும் அமைதியானது. ஒரு டும் கூட இல்லை. இத்தனை நாளும் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அந்தச் சுவர் ஒன்றுதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த வாரம் பாசாரில் புஷ்பவல்லியைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"என்னக்கா, இப்ப நிம்மதியாத் தூங்குறீங்களா?"

"எங்க தூங்குறது?" கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பக்கத்துல ஆள் இருக்கா, மகன்கிட்டப் போயிட்டியான்னே தெரியல. நாலு சுவரும் கம்முனு கெடக்கு. பயமா இருக்காதா?"

சொன்ன பிறகு அவருக்கே கோபம் வந்தது. "என்னா பார்க்கிற? வழியை விடு லா!"

அன்று சாயங்காலம்.

டுர்ர்ர்ர்...

டும்! டும்! "மறுபடியுமா? என்னா ஜெயராஜு இது!"

"புது மோட்டர் சரிப்படலக்கா! மீன் ரெண்டும் சுருண்டு கெடக்கு. அதான் பழசைப் போட்டேன். மன்னிச்சுக்குங்க!"

"சரி, சரி. அதுங்க செத்துத் தொலைஞ்சா அந்தப் பாவம் எனக்கெதுக்கு? ஓடட்டும். கமிட்டிக்கெல்லாம் எழுதல, போ!"

ஜெயராஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

தொட்டியில் புது மோட்டர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கோமாளி மீன்கள் பவளங்களுக்கு நடுவே ஒன்றையொன்று துரத்தி விளையாடின.

சுவரோரம், பழைய மோட்டர் குமிழ் விட்டுக்கொண்டிருந்த வாளியில், வெறும் குழாய்த் தண்ணீர்தான் இருந்தது.